தெளிவாக இருந்த இரண்டு குடுவைகள்

மகனே,

நலம் விசாரித்துத் தொடங்கும் வழக்கத்தை இந்த ஒரு கடிதத்தில் விட்டுவிடுகிறேன். உன் நலம் ஆரணி பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனரில் நிற்கிறது. வெள்ளை அங்கி அணிந்திருக்கிறாய். கையில் ஒரு குடுவையைக் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். கையுறை இல்லை, குடுவைக்கு மூடியும் இல்லை. 'புற்றுநோய்க்கு மூலிகை மருந்து கண்ட ஆரணியின் மைந்தனே வருக' என்று எழுதி, கல்லூரித் தாளாளரின் முகத்தை உன் முகத்தைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பாராட்டு விழா அழைப்பிதழும் வந்தது. 'முன்னிலை' என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே என் பெயரை அச்சிட்டிருக்கிறார்கள். நான் வரப்போவதில்லை. காரணத்தைத் தொலைபேசியில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. உன் அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் இடுவேன். வேறு எவர் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

பேனர் வைத்த மறுநாள் பின்தெரு குமார் வீட்டுக்கு வந்தார். உனக்குத் தெரிந்தவர்தான், கல்லூரிச் சுவரை ஒட்டி விசைத்தறிக் கொட்டகை வைத்திருப்பவர். அவர் மனைவிக்கு மார்பில் புற்று. வேலூருக்கு அழைத்துப் போய் ஊசி போட்டுவருகிறார்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், பேனர்ல பாத்தேன். தம்பி மருந்து கண்டுபுடிச்சிட்டாராமே. இன்னா செடின்னு மட்டும் சொல்லுங்க, நானே பறிச்சிக்கிறேன். ஏரிக்கரையில கெடைக்குமா?"

மருந்து இல்லை, ஆராய்ச்சி என்றேன். அவர் சிரித்தார்.

"சொந்தப் புள்ள பெருமைய சொல்லிக்க இன்னா சார் கூச்சம்? வீட்ல அவ வேலூருக்கு வரமாட்டேன்னு ஒரே பேஜார் பண்ணிகினு கீறா. முடியெல்லாம் கொட்டிப்போச்சு. ஊசி போட்டுகினு வந்தா எழுந்திரிக்கவே மாட்டேங்கிறா. நம்ம ஊரு புள்ளயே மருந்து கண்டுபுடிச்சிருக்கும்போது ஊசி எதுக்குன்றா. அடுத்த ஊசி விழா அன்னிக்குத்தான் வருது சார். ஊசி கெடக்கட்டும், தம்பி பேசுறத கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு கீறோம்."

அவர் போன பிறகு உன் அம்மா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். தீபாவளியன்று நீ சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போல அதைச் சொன்னாய்.

"செல்லுல மைக்கோபிளாஸ்மா இருந்திருக்குப்பா. புதுசா சேந்த பொண்ணு ஒருத்தி சாயம் போட்டுப் பாத்துச்சு. எல்லா ஸ்டாக்லயும் இருக்கு."

"எப்பத்திலேர்ந்து?"

"தெரியல. ஆரம்பத்துலேர்ந்தே இருந்திருக்கலாம்."

"தீசிஸ்?"

"அது எப்பவோ குடுத்தாச்சே. டாக்டர் பட்டமும் வந்துடுச்சு, பேப்பரும் வந்துடுச்சு. பழச கிளறாதன்னு கைடு சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணையும் வாய மூடிகினு இருக்கச் சொல்லிட்டாரு. யாருக்குப்பா தெரியும்? மைக்ராஸ்கோப்ல பாத்தா தெரியவே தெரியாதே."

"உனக்குத் தெரியுமில்ல?"

நீ இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அன்னிக்கு நீங்க கொட்டினீங்களே. இன்னா கெடச்சுது உங்களுக்கு?"

"டேய், சாப்புடு" என்றாள் அம்மா. அத்துடன் பேச்சு நின்றது. அன்று மாலை அவள் என்னிடம், "அது இன்னாங்க, பூச்சியா?" என்று கேட்டாள். சொன்னேன். பாக்டீரியாவில் மிகச் சிறிய வகை, சுவர் இல்லாதது, அதனால் சுவரைத் தாக்கும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. வேறு கிருமி விழுந்தால் வளர்ப்பு நீர் கலங்கிக் காட்டிக்கொடுக்கும். இது விழுந்தால் கலங்காது. செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் உணவைத் தின்று, அதன் குணத்தையே மாற்றிவிடும். அப்படி நோயுற்ற செல்லின் மேல் செடியின் சாற்றை ஊற்றி, செல் செத்தது என்று எழுதினால், கொன்றது சாறா, உள்ளே இருந்த நோயா என்று எவராலும் சொல்ல முடியாது. "அப்போ அவன் செடி ஒண்ணும் பண்ணலியா?" என்றாள். தெரியாது என்றேன். பண்ணியிருக்கலாம், பண்ணாமலும் இருக்கலாம். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதி அவன் பட்டம் வாங்கியிருக்கிறான் என்றேன்.

அறியாமல் செய்தாய் என்று உன்னை மன்னிக்க எனக்கு வழியில்லை. வேறொரு மாணவனாக இருந்தால், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று விட்டுவிடலாம். நீ சோறு உண்டதே இந்த விஷயத்தின் நடுவில்தான். தொண்ணூறுகளில், பல்கலைக்கழகத்தில் திசு வளர்ப்பு கற்றுக்கொண்டு நான் இந்த ஊர்க் கல்லூரிக்கு வந்தபோது, விலங்கியல் துறையில் ஃபார்மலினில் மிதக்கும் தவளைகளைத் தவிர ஒன்றும் இல்லை. தறிச்சட்டம் செய்யும் ஆசாரியிடம் சொல்லி, முகப்பில் கண்ணாடியும் கை நுழைக்க இரண்டு துளைகளும் வைத்த மரப்பெட்டி ஒன்று செய்துகொண்டேன். அதற்குள் ஸ்பிரிட் விளக்கை ஏற்றிவைத்துக் கோழிக்கருவின் செல்களை வளர்த்தேன். கண்ணாடிச் சாமான்களை உன் அம்மாவின் பிரஷர் குக்கரில் அவித்தேன். கொஞ்ச நாளில் அந்தக் குக்கர் சமையலுக்கு ஆகாது என்று அவளே ஒதுக்கிவிட்டாள். இட்லி மாவில் இருக்கும் ஈஸ்ட் கையோடும் சட்டையோடும் வந்துவிடும் என்பதால், மாவு அரைத்த நாளில் சமையலறைப் பக்கம் போகாமல், குளித்து வேறு சட்டை மாற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போவேன். "மாவு அரைச்சா உங்கப்பா என்னையே தீட்டுன்றாரு" என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நீயும் சிரிப்பாய். அந்தச் சிரிப்போடு சேர்ந்துதான் இவையெல்லாம் உனக்குள் இறங்கின என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகளில், உயிர்த்தொழில்நுட்பம் என்றால் பெற்றோர் வரிசையில் நிற்பார்கள் என்று தெரிந்ததும், தாளாளர் எனக்கு உண்மையான ஆய்வகம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். பட்டு வியாபாரி, வாங்குவது என்று முடிவு செய்தால் நல்லதாகத்தான் வாங்குவார். வடிகட்டிய காற்றைச் சீராக அனுப்பும் லேமினார் மேடை, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருடன் இன்குபேட்டர், குடுவையின் அடியிலிருந்து பார்க்கும் தலைகீழ் நுண்ணோக்கி, எல்லாம் வந்து இறங்கின. ஆய்வுக்குச் செல் வளர்த்து அனுப்பும் வங்கியிலிருந்து வந்த செல்களைக் காட்பாடி ரயில் நிலையத்துக்குப் போய் நானே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முதல் வாரம் செல்கள் குடுவையில் பரவாமல் வட்டம் வட்டமாக ஒதுங்கின. நுண்ணோக்கியில் கண்ணை வைத்த தாளாளர், "இன்னா சார், ஜரிகை பார்டர் மாதிரி அழகா கீது!" என்று மகிழ்ந்தார். அது அழகு இல்லை, சுவருக்கு அப்பால் ஓடும் விசைத்தறியின் அதிர்வு என்று எனக்குப் புரியச் சில நாள் ஆயிற்று. குமாரிடம் போய்ச் சொன்னேன். "உங்க செல்லுக்குத் தூக்கம் கலையுதா சார்?" என்று கேலி செய்துவிட்டுப் பழைய லாரி ட்யூபை வெட்டிக்கொண்டுவந்து அவரே இன்குபேட்டரின் கால்களுக்கு அடியில் வைத்தார். வட்டங்கள் மறைந்தன. அதே குமார்தான் இப்போது உன் செடியைக் கேட்டு வந்திருக்கிறார்.

அந்த ஆய்வகத்தில் நீ மாணவனாகச் சேர்ந்தாய். உனக்கு நான் எதை மறைத்தேன்? மேடையின் காற்றை முன்னதாகவே ஓடவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்; திறந்த குடுவைக்கு மேலே கை கடக்கக் கூடாது; ஒரு முறை தொட்ட பிப்பெட் வளர்ப்பு நீர்ப் புட்டிக்குத் திரும்பக் கூடாது; மேடையில் ஒரு நேரத்தில் ஒரு வகைச் செல்தான் இருக்க வேண்டும்; வெளியிலிருந்து வரும் செல் எதுவானாலும், எவ்வளவு பெரிய மனிதர் கொடுத்ததானாலும், சோதனை முடியும்வரை தனியே இருக்க வேண்டும். முதலில் வெறுங்கண்ணால் வளர்ப்பு நீரின் நிறத்தைப் பார், பிறகு நுண்ணோக்கிக்குப் போ என்றேன். ஆன்டிபயாட்டிக்கைப் பழக்கமாகப் போடாதே, அது அழுக்கைக் கொல்வதைவிட அதிகமாக மறைத்துத்தான் வைக்கும் என்றேன். மைக்கோபிளாஸ்மாவுக்கு மாதம் தவறாமல் சாயச் சோதனை செய் என்று சொன்னவனும் நான்தான். முனைவர் பட்டத்துக்கு நீ போய்ச் சேர்ந்த ஆய்வகத்தில் அந்தச் சோதனையைச் செய்ய, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வரவேண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகள் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?

ஆயுத பூஜை விஷயத்துக்கு வருகிறேன். உன் கேள்வி அங்கிருந்துதான் வந்தது. பட்ட மேற்படிப்பு தொடங்க அனுமதி கேட்டிருந்தோம். விஜயதசமிக்கு மறுநாள் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. இன்குபேட்டர் நிறையச் செல்கள் நன்றாக வளர்ந்திருந்தன. பூஜையன்று தேவிகாபுரத்தில் ஒரு சாவுக்கு நான் போகவேண்டியிருந்தது. ஆய்வகத்தைத் திறக்க வேண்டாம், கதவுக்கு வெளியே மாலை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். மாலையில் திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே சாம்பிராணிப் புகை நின்றது. லேமினார் மேடையில் வாழை இலை விரித்து, பொரியும் கடலையும் வைத்து, எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவியிருந்தார்கள். பூஜையின்போது இயந்திரம் ஓட வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். தறியை ஒரு முறை ஓட்டித்தான் கற்பூரம் காட்டுவார்கள். அதனால் மேடையின் விசிறியையும் ஓடவிட்டிருக்கிறார்கள். அது அத்தனை புகையையும் இழுத்துத் தன் வடிகட்டியில் அப்பிக்கொண்டது. இன்குபேட்டரைத் திறந்தேன். உள்ளே ஒவ்வொரு குடுவைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். காற்றுப் போவதற்காக அரைச் சுற்று தளர்த்திவைத்த மூடிகள். அவற்றைப் பிடித்துத் தூக்கிப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

தாளாளரிடம் போனேன். அவருக்கு என் கோபம் எதற்கு என்றே புரியவில்லை. "தறிக்குப் பூஜ போடறோம், லாரிக்குப் போடறோம். இவ்ளோ பெரிய மிஷினுக்குப் போடலன்னா சாமி குத்தம் ஆவாதா சார்? ஒங்க புள்ளதான் பெட்டியத் தொறந்து காட்டிச்சு. உள்ள கீறதுதான் உசுருன்னு சொல்லிச்சு. உசுருக்குப் பொட்டு வெக்காம இன்னாத்துக்கு வெக்கிறது?" அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. மரியாதைதான் செய்தார். இன்குபேட்டரின் தாழைத் திறக்கத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நீ ஒருவன்தான். கேட்டபோது, "கரஸ்பாண்டன்ட் சொன்னாருப்பா" என்றாய். அன்று உன்னை நான் திட்டவில்லை. பதினெட்டு வயதுப் பையன் தாளாளர் முன்னால் என்ன செய்வான் என்று விட்டேன்.

குழு வந்த காலையில் எல்லாக் குடுவைகளும் மஞ்சளாகிக் கலங்கிவிட்டிருந்தன, இரண்டைத் தவிர. அந்த இரண்டும் தெளிவாக இருந்தன. தாளாளர் அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது போதும் சார். இந்த ரெண்ட மட்டும் காட்டுங்க. கலங்கினத ஜல்தியா ஒளிச்சிடுங்க. தெளிவாத்தானே கீது?" ஒரே இன்குபேட்டரில் இருந்தவை, ஒரே கை பட்டவை, இன்று தெளிவு, நாளை தெரியாது என்றேன். "இன்னிக்குத்தானே சார் கமிட்டி" என்றார். நியாயமான பேச்சுதான், பட்டுப் புடவை விற்பவருக்கு. நான் எல்லாவற்றிலும், அந்த இரண்டிலும் கூட, பிளீச்சிங் கரைசலை ஊற்றினேன். ஆட்டோகிளேவில் ஏற்றி அவித்தேன். குழுவினரிடம் காலி இன்குபேட்டரைத் திறந்து காட்டி, என்ன நடந்தது என்று சொன்னேன். நீ கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அனுமதி கிடைக்கவில்லை. அதன்பின் என்னை ஆய்வகத்திலிருந்து எடுத்து விடுதிக் காப்பாளராகப் போட்டார்கள். மாணவர்களின் சாம்பாரில் உப்பு சரியா என்று பார்க்கும் வேலை. சில மாதம் பார்த்துவிட்டு வெளியேறினேன். இன்றுவரை டுடோரியல் வகுப்பில், மருத்துவக் கல்லூரிக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்குச் செல்லின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். உயிருள்ள செல்லை நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாயே, இவ்வளவுதான் கிடைத்தது. நான் அதை உனக்கு அழகுபடுத்திச் சொல்லவில்லை. நேர்மைக்கு ஒரு நாள் மாலை விழும் என்று நான் உன்னிடம் எப்போதாவது சொன்னேனா? கதவோரம் நின்ற நீ, கொட்டியவன் தோற்றான், கொட்டாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பான் என்று பாடம் படித்திருக்கிறாய். அதே தாளாளர் இப்போது உனக்குப் பொன்னாடை போர்த்த வருகிறார். தெளிவான இரண்டு குடுவைகளை அன்று அவருக்கு நான் கொடுக்கவில்லை. இன்று நீ கொடுக்கிறாய். ஆனால் அன்று அந்தக் குடுவைகளைக் காட்டியிருந்தால் மூன்று பேராசிரியர்கள் ஏமாந்திருப்பார்கள், அவ்வளவுதான். உன் குடுவையைப் பார்த்து ஏமாறுகிறவளுக்கு மார்பில் கட்டி இருக்கிறது. இந்த வித்தியாசம் புரியவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

நீ செய்ய வேண்டியதை உனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன், பிறகு அப்பா வெறுமனே கோபப்பட்டார் என்று ஆகிவிடக் கூடாது. உன் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் பல்கலைக்கழகத்துக்கும், செல்களில் நோய் இருந்தது என்று உன் கையெழுத்தில் எழுது. மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்று பார்க்காதே. உறைநிலையில் வைத்த ஸ்டாக் உட்பட எல்லாவற்றையும் அவித்துக் கொட்டு. இன்குபேட்டரின் நீர்த்தட்டு முதல் கதவின் ரப்பர்வரை கழுவு. வங்கியிலிருந்து புதிய செல் வாங்கித் தனியே வைத்துச் சோதித்து, முதலிலிருந்து தொடங்கு. அந்தப் புதிய பெண்ணிடம் மன்னிப்புக் கேள். வருடங்கள் போகும், பட்டமும் போகலாம். போகட்டும். அப்படிச் செய்து, அதன் பிறகும் உன் சாறு செல்லைக் கொல்கிறது என்றால், ஆரணியில் எந்தச் சந்தில் மேடை போட்டாலும் நான் முதல் ஆளாக வருவேன்.

விழாவில் நீ என்ன பேசுவாய் என்பதற்காக நான் காத்திருக்கவில்லை. நேற்று குமார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி உள்ளே பாயில் படுத்திருந்தார். கதவருகே நின்று சொன்னேன்: "எம் பையன் பாத்தது நோய் புடிச்ச செல்லு. அவன் செடி மருந்துன்னு யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது." குமார் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் சொன்னார்: "பெத்த புள்ளயப் பத்தி யாரும் இப்டிப் பொய் சொல்ல மாட்டாங்க. சார் சொன்னா நெசமாத்தான் இருக்கும்." பிறகு, "அப்ப ஊசி போடற அன்னிக்கு நீங்களும் கூட வாங்க சார். இவரு மட்டும் வந்தா நான் பாதி வழியிலயே எறங்கிடுவேன்" என்றார். இதைச் சொல்லி அவர்களை நம்பவைப்பதற்கு எனக்கு என்ன செலவாயிற்று என்பதை நீ ஒரு நாள் கணக்கிட்டுப் பார்.

உன் அம்மா விழாவுக்கு வருவாள். "எனக்கு எம் புள்ள வேணும். நீங்க உங்க செல்லக் கட்டிகினு அழுங்க" என்று சொல்லிவிட்டாள். அவளைத் தடுக்கவில்லை. முன்வரிசையில் உட்காருவாள், பேசும்போது அவள் முகத்தைப் பார்த்துப் பேசு, முடிந்தால். அந்த நேரத்தில் நான் வேலூர்ப் பேருந்தில் இருப்பேன். மேடையில் என் நாற்காலியைப் பார்த்துத் தாளாளர் கேட்பார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடாதே. நோயுற்றதை நலம் என்று ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டாய். நலமாக இருப்பவனை நோயாளி என்றும் சொல்ல வேண்டாம்.

நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

அப்பா